விளம்பரம் வேண்டாம், இலவசப் பத்திரிகையும் வேண்டாம்

டென்மார்க்கில் பெயரும் முகவரியும் இல்லாத விளம்பரத் தாள்கள் வீட்டுத் தபால்பெட்டியில் விழாமல் தடுக்க ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதை ‘நை தக்’ என்பார்கள். டேனிஷ் மொழியில் ‘வேண்டாம், நன்றி’. அது உண்மையில் வேலை செய்யுமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேலை செய்யும். அதை ஓரளவு துல்லியமாகச் சொல்லக்கூடியவன் நான். என் நண்பர் ஒருவரின் பெட்டியில் அதை ஒட்டியவன் நான். அவர் வீட்டுக்குள் விழுந்து கிடந்த நாட்களில் அந்தப் பெட்டியைக் காரில் இருந்தபடி பார்த்து, ஆள் சுகமாக இருக்கிறார் என்று முடிவு செய்தவனும் நான்.

அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அண்ணை என்று கூப்பிடுவேன். ஹேர்னிங்கில் ஒரு துணித் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவர். மணமுடிக்கவில்லை. ஊரில் ஒரு மூத்த சகோதரர், ஒரு தங்கை. இங்கே அவருக்கு உறவென்று யாரும் இல்லை. சில வருடங்களுக்கு முன் மூளையில் இரத்தம் அடைத்து இடது கால் இழுத்துக்கொண்டது. வேலை நின்றது. வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். கொம்யூன, அதாவது நகரசபை, அனுப்பிய உதவியாளர்களை மூன்று மாதத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ‘ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆள். நான் ஆரெண்டு ஒவ்வொரு நாளும் புதுசாய்ச் சொல்ல வேண்டிக் கிடக்கு’ என்பது அவர் சொன்ன காரணம்.

இந்த நாட்டில் தபால்பெட்டி வாசற்கதவில் இருப்பதில்லை. காணி எல்லையில், தெருவோரமாக ஒரு கம்பத்தில் நிற்கும். அவருடைய வாசலிலிருந்து பெட்டிக்குப் பதினெட்டுக் காலடி, அவருடைய காலால் முப்பதுக்கு மேல். அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் கணினிக்கும் தொலைபேசிக்கும் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தெருமுனைகளில் நின்ற சிவப்புத் தபால்பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆகவே பெட்டியில் விழுந்தது பெரும்பாலும் றெக்லேம என்கிற விளம்பரத் தாள்கள் மட்டும்தான். வாரத்துக்கு ஒரு முறை, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கட்டு ஒன்று. அதோடு ஊர் இலவசப் பத்திரிகை. கட்டு தடிப்பு, பெட்டியின் வாய் ஒடுக்கம். பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும்.

நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தெரு இருந்தது. கட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டால் அவர் இன்னும் எடுக்கவில்லை, கால் சரியில்லை என்று அர்த்தம். காரை நிறுத்தி, அதை இழுத்து எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். தேத்தண்ணி குடிப்போம். அவர் கோழி விலை பார்ப்பார். பெட்டியின் வாய் சுத்தமாக இருந்தால் அவரே வந்து எடுத்திருக்கிறார் என்று அர்த்தம். நான் நிறுத்தாமல் போய்விடுவேன். இப்படி ஒரு ஏற்பாடு எங்களுக்குள் இருந்ததை நாங்கள் இருவரும் ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதே எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

ஒரு ஜனவரியில் பெட்டிக்குப் போகும் வழியில் உறைபனியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. முழங்கை கிழிந்திருந்தது. எழும்ப முடியாமல் கிடந்தவரை எதிர்வீட்டு டேனிஷ் அம்மா கண்டு தூக்கிவிட்டிருக்கிறா. அன்று பின்னேரம் நான் போனபோது அவர் கை கட்டுடன் சோபாவில் இருந்தார். நனைந்த றெக்லேமக் கட்டு மேசையில் கிடந்தது.

“இந்தக் குப்பைக்காகச் சாகப் பாத்தன் காணும்,” என்றார்.

நான் தொலைபேசியை எடுத்து ஸ்டிக்கருக்குப் பதியும் இணையப் பக்கத்தைத் திறந்தேன்.

“ரெண்டு விதம் இருக்கு அண்ணை. றெக்லேம மட்டும் வேண்டாமெண்டு ஒண்டு. றெக்லேமயும் வேண்டாம், ஓசிப் பேப்பரும் வேண்டாமெண்டு மற்றது.”

“பேப்பர் வரட்டும். படம் பாக்கலாம். ஆர் கடை திறந்தது, ஆர் பூட்டினதெண்டு தெரியும்.”

“அதெல்லாம் ஒரு பேப்பரே? முழுக்க விளம்பரம். நடுவிலை நாலு வரி.”

“ஓ, இவர் பெரிய எடிட்டர். உங்கட பேப்பரிலை மட்டும் என்ன இருந்ததாம்? மந்திரி வந்தார், மாலை போட்டினம், மந்திரி போனார். பேந்து அடுத்த நாள், மாலை போட்டவரின்ரை பேர் பிழையெண்டு ஒரு திருத்தம்.”

அவர் சொன்னது பொய் இல்லை. நான் இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் நான்கு வருடம் வேலை செய்தேன். பெயர், இடம், திகதி மூன்றையும் இருமுறை பார்க்காமல் எதையும் அச்சுக்கு விடாதே என்று அங்கே பழக்கினார்கள். அந்தப் பழக்கம் மட்டும்தான் அங்கிருந்து என்னோடு வந்தது. கூடவே இலவசப் பத்திரிகைகள் மேல் ஒரு இளக்காரமும்.

இரண்டாவதையே அழுத்தினேன். விளம்பரமும் வேண்டாம், பத்திரிகையும் வேண்டாம். அவரிடம் சொல்லவில்லை. வந்தால் அவர் அதற்காகவும் நடப்பார் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். அந்த நேரத்தில் உண்மையான நியாயம், அந்தப் பத்திரிகை எனக்குப் பிடிக்காது என்பதுதான்.

ஸ்டிக்கர் வந்ததும் பெட்டியின் முகத்தைத் துடைத்து, காயவிட்டு, நேராக ஒட்டினேன். அவர் யன்னலில் நின்று பார்த்தார். பிறகு தடியை ஊன்றி வந்து வாசித்தார்.

“பேப்பரிலை வேலை செய்தவன் பேப்பர் வேண்டாமெண்டு எழுதி ஒட்டுறான். கலிகாலம்.”

“வேணுமெண்டால் மாத்தித் தாறன் அண்ணை.”

“சரி, விடும். நடை மிச்சம்.”

முதல் இரண்டு வாரமும் கட்டு வந்தது. நான் முறைப்பாடு எழுதினேன். மரியாதையாக ஒரு பதில் வந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து நின்றுவிட்டது. ஸ்டிக்கருக்குக் கட்டுப்படாதவை சில உண்டு: கொம்யூனவின் குப்பை எடுக்கும் அட்டவணை, தேர்தல் நேரத்துக் கட்சித் தாள்கள், சங்கங்களின் அறிவித்தல்கள். ஒருமுறை ஒரு பீட்சாக் கடையின் விலைப்பட்டியல் வந்தது. போட்டவர் ஸ்டிக்கரை வாசிக்கவில்லை போலும். மற்றபடி பெட்டி காலி. வசந்தம் வந்தபோது நான் அதைக் கையால் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சிலந்தி வலை இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு நான் போவது குறைந்தது. திட்டமிட்டுக் குறைக்கவில்லை. நிறுத்துவதற்கு ஒன்றும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. வாரம் ஒரு முறை என்று இருந்தது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆனது. தொலைபேசியில் கதைத்தோம்.

ஆடி மாதத்தில் ஊரில் அவருடைய மூத்த சகோதரர் இறந்துபோனார். செய்தி வந்த அன்று நான் போய் இருந்தேன். நாலைந்து குடும்பங்கள் சாப்பாடு கொண்டு வந்தன. முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்கு வீட்டார் கோயிலுக்கு வரமாட்டார்கள், கொண்டாட்டங்களுக்கு வரமாட்டார்கள். அடுத்த வாரம் எங்கள் கோயிலில் கொடியேற்றம். பத்து நாள் திருவிழா. நான் திருவிழாச் சபையில் இருந்தேன், பத்து நாளும் விரதம். விரதகாரர் துடக்கு வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே அந்தப் பத்து நாளில் இந்தப் பக்கத்துத் தமிழர் எல்லோரும் ஒவ்வொரு நாளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சில்க்போர்க்கிலிருந்தும் விபோர்க்கிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் திருவிழா அன்று, அஷ்டமி, பின்னேரம் ஆறு மணிக்கு அவர் தொலைபேசி எடுத்தார்.

“சனம் எப்பிடி?”

“பரவாயில்லை அண்ணை. இண்டைக்கு மழை வரப் பாத்தது, வரேல்லை.”

“தேருக்குக் கயிறு புதுசோ?”

“ஓம், புதுசு. நீங்கள் சாப்பிட்டியளோ?”

“நான் சாப்பிடுவன். நீர் கோயில் வேலையைப் பாரும். துடக்குக்காரனோடை என்ன கதை? முடியட்டும், பேந்து கதைப்பம்.”

அதுதான் கடைசி.

ஐந்தாம் திருவிழா அன்று, தசமி, கோயிலிலிருந்து வரும்போது அவர் தெருவால் வந்தேன். வேகத்தைக் குறைத்தேன். பெட்டியின் வாய் சுத்தமாக இருந்தது. ஒன்றும் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. எடுத்திருக்கிறார், நடமாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். ஏழாம் திருவிழா அன்று திரும்பவும் அதே வழி. திரும்பவும் சுத்தம். திரும்பவும் அதே நினைப்பு. ஆறு மாதத்துக்கு முன் நான் என் கையால் ஒட்டிய ஸ்டிக்கர் காரிலிருந்து தெரியும் தூரத்தில்தான் இருந்தது. வெள்ளை எழுத்தைக்கூடக் கண்டேன். பழைய கண் பழைய செய்தியையே வாசித்தது. இனி எக்காலத்திலும் காலியாகவே இருக்கும்படி நானே செய்த பெட்டியை, காலியாக இருக்கிறது என்பதற்காக நம்பினேன்.

யன்னலில் வெளிச்சம் இல்லையே என்று அப்போது யோசித்திருக்கலாம். ஆனால் அந்த மாதத்தில் இங்கே இரவு பத்து மணிவரை வெளியே வெளிச்சம். யார் வீட்டிலும் விளக்கு எரியவில்லை. பாதித் தெரு விடுமுறைக்குப் போயிருந்தது.

பத்தாம் நாள், பௌர்ணமியில் தீர்த்தம் முடிந்தது. மறுநாள் விரதத்தை முடித்துக்கொண்டு, வடை கொஞ்சம் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். மணி அடித்தேன். பிறகு வீட்டின் பின்பக்கம் போய் அடுப்படி யன்னலால் பார்த்தேன். குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த நடையில் அவருடைய கால்கள் தெரிந்தன. யன்னல் பூட்டியிருந்தும் வெளியே மணம் வந்தது. பொலிஸுக்கு அழைத்தேன். அவர்கள் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் வடைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வந்த பெண் பொலிஸ் முதலில் கேட்டது, கடைசியாக அவர் உயிரோடு இருந்தது எப்போது தெரியும் என்று. அஷ்டமியன்று பின்னேரம் ஆறு மணி என்பதை அவர்களுடைய திகதியில் சொன்னேன். பிறகு அவ தெருவுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தா.

“வழக்கமாகப் பெட்டியை வைத்து ஓரளவு கணிப்போம்,” என்றா. “வாரத் தாள்களில் செல்லுபடியாகும் திகதி போட்டிருக்கும். எத்தனை கட்டு கிடக்கிறது, எந்தக் கட்டு எடுக்கப்படவில்லை என்று பார்ப்போம். இங்கே ஒன்றும் இல்லை. ‘வேண்டாம்’ ஒட்டியிருக்கிறார்.”

“நான்தான் ஒட்டினேன்,” என்றேன்.

அவ அதைக் குறித்துக்கொள்ளவில்லை. குறிக்க வேண்டிய விஷயம் அல்ல அது.

எதிர்வீட்டு அம்மா மாலையில் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றா. விடுமுறைக்கு எங்கும் போகாமல் அந்தப் பத்து நாளும் வீட்டிலேயே இருந்தவ. எண்பது வயது இருக்கும். “நான் ஒவ்வொரு காலையிலும் பெட்டியைப் பார்த்தேன்,” என்றா. “முன்பு நிரம்பி நின்றால் போய் மணி அடிப்பேன். இந்த வருடம் எப்போதும் ஒழுங்காக இருந்தது. அவர் தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன்.” நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று அவவிடம் சொல்லவில்லை. அவவுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அவவுக்குக் கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது, அதையும் கொடுக்கவில்லை.

மருத்துவரும் அதிகம் சொல்லவில்லை. வெயில் நாட்கள், பூட்டிய வீடு, சரியான நாளைச் சொல்ல முடியாது. நான்கு நாளும் ஆகலாம், ஏழு நாளும் ஆகலாம். விழுந்தபின் உடனேயே இறந்தாரா என்று கேட்டேன். அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்றார். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படி யோசிக்காதீர்கள் என்றார். பத்திரத்தில் இறந்த திகதி இல்லை. இறந்த நிலையில் காணப்பட்ட திகதிதான் இருந்தது. நான் வடையோடு போன நாள்.

ஐயரிடம் போனேன். திதி வேண்டும், ஆண்டுத் திவசத்துக்கு ஊரில் கேட்பார்கள் என்றேன். அவர் பஞ்சாங்கத்தைத் திறக்கவேயில்லை.

“மாதம் தெரிஞ்சு திதி தெரியாட்டி அமாவாசையிலை செய்யலாம். பிழையில்லை.” பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார், “நீங்கள் ஒருக்கால் எட்டிப் பாத்திருக்கலாம். வந்து தோய்ஞ்சுபோட்டுக் கோயிலுக்கு வந்தால் முடிஞ்சுது. நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்.”

எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் இருந்தது.

அன்று மதியம் அவருடைய தங்கை ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தா. ஒரு மாதத்துக்குள் இரண்டு சகோதரரைக் கொடுத்தவ. குரலில் அழுகை இல்லை, களைப்புத்தான் இருந்தது.

“நான் ஏகாதசியண்டு எடுத்தனான் அண்ணை. அவர் தூக்கேல்லை. போனை அடுப்படியிலை விட்டிட்டு நித்திரை கொள்ளுறவர்தானே எண்டு விட்டிட்டன்.”

“ஓம் தங்கச்சி. அவர் அப்பிடித்தான்.”

“என்ன திதியெண்டு மட்டும் சொல்லுங்கோ. என்ரை சின்னவன்தான் செய்யப்போறான்.”

“ஐயர் அமாவாசையிலை செய்யலாமெண்டு சொல்லுறார்.”

 அவவுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

“என்ரை மூத்தவனுக்கு அமாவாசையிலைதான் குடுக்கிறன்,” என்றா. “அவன் கடைசிச் சண்டையிலை காணாமப் போனவன். எங்கை, எப்பவெண்டு தெரியாது. குண்டு விழுந்த இடம், ஆர் கணக்கு வைச்சது? எங்கட அண்ணை இருந்தது டென்மார்க்கிலை. தெருவிலை வீடு. சுத்திவர நீங்கள் எல்லாரும். அவருக்கும் அமாவாசையோ?”

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ஒரு நாள் இருக்கும்தானே அண்ணை. ஆரும் ஒரு நாளிலைதானே சாவினம்.”

“நவமி,” என்றேன். “நவமியெண்டுதான் டொக்டர் சொன்னவர்.”

“நவமியோ,” என்றா. அஷ்டமி, நவமியில் எங்கள் ஆட்கள் ஒரு பயணம்கூடத் தொடங்கமாட்டார்கள்.  “பரவாயில்லை. தெரிஞ்சதே போதும்.” பிறகு வாயைத் தொலைபேசியிலிருந்து விலக்கிச் சொன்னா, “தம்பி, எழுதடா. ஆடி, வளர்பிறை, நவமி.”

மருத்துவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நவமி என்பது அண்ணை என்னோடு கதைத்த அஷ்டமிக்கு அடுத்த நாள். நான் முதன்முறை அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போன தசமிக்கு முதல் நாள். அந்த ஒரு நாளில் அவர் இறந்திருந்தால் மட்டும்தான், நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போன இரண்டு மாலைகளிலும் அந்த நடையில் உயிரோடு யாரும் கிடந்திருக்கமாட்டார்கள். அவவுக்காக ஒரு திதி தேடினேன் என்று சில நாள் என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். அவவுக்காக என்றால் ஏகாதசி சொல்லியிருக்கலாம். அது மோட்சத்துக்கு உகந்த நாள் என்பார்கள். அவ மனம் ஆறியிருக்கும்.

பையன் எழுதிவிட்டான். இனி வருடாவருடம் அந்த நாளில் அவர்கள் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். பிழையான செய்தி ஒன்றைத் திருத்த வேண்டும் என்றால் சரியானது கையில் இருக்க வேண்டும். என்னிடம் வேறு திகதி இல்லை.